சபையும் சமத்துவமும்

திருநெல்வேலிச் சீமையில் தேரிக்காட்டை அடுத்துள்ள சிற்றூர்களில், ஐம்பது குடும்பங்களுக்கு மேற்படாத புராட்டஸ்டண்டு சபைகள் அனேகம் உண்டு. அவ்வூர்களின் ஜனங்கள் தங்கள் ஆலயத்தைக் கோவில் என்றே வழங்குவார்கள். சேகரத்துக் குருவானவர் பல ஊர்களுக்குப் பொதுவானவராதலால், மாதம் ஒரு முறை வந்து திருவிருந்து நடத்துவதே அவருக்குச் சிரமம். மற்ற நாட்களில் மணியடித்து, வேதம் வாசித்து, கீர்த்தனை தொடங்கிக் கொடுப்பவர் உபதேசியார்தாம்.

இச்சிறு சபைகள் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளும் விதத்தை நம் தேசபக்தர்கள் நேரில் சென்று பார்க்கவேண்டுமென்பது நமது விருப்பம். உலையிலிடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை வேறு கலயத்தில் போட்டுவைக்கும் பெண்களே பல சபைகளுக்குப் பொக்கிஷம். ஸ்தோத்திரப் பண்டிகையன்று முதற்காய், முதற்குலை, கோழி, கருப்புக்கட்டி யாவும் ஏலத்துக்கு வரும். சந்தையில் சில காசு பெறும் பூசணிக்காயைப் பன்மடங்கு விலைக்கு எடுத்தவர், அதனை மறுபடியும் கோவிலுக்கே கொடுத்துவிட, இரண்டாம் முறையும் ஏலம் நடக்கும். அந்தக் கூச்சலும் சிரிப்பும் எந்த நிதி திரட்டும் கூட்டத்திலும் நாம் கண்டதில்லை! 1903-ம் ஆண்டில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளை என்னும் இப்படிப்பட்ட ஒரு சிற்றூரில் பிறந்தவர். அன்னியர் பணத்தை நாடாமல், திருநெல்வேலியார் தம் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அசரியாவே 1912-ல் அங்கு அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

இவ்வளவும் கூறியபின் கூற வேண்டிய மற்றொன்று உண்டு. கூறாது விடுவது முகஸ்துதியாகும். நாம் சென்றிருந்த ஓர் ஊரில் பண்டிகை அசனத்துக்கு எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். மனம் பூரித்தது. மாலையில் கல்லறைத் தோட்டத்தைக் காண விரும்பினோம். "எந்தத் தோட்டம் ஐயா?" என்று வழிகாட்டிய சிறுவன் கேட்டான். இரண்டு இருந்தன, இடையே ஒரு சுவர். ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே பாத்திரத்தில் பருகியவர்கள், இறந்தபின் சாதிவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள்!

இது புதிய வழக்கன்று. 1833-ல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டுமென்று கட்டளையிட்டபோது தஞ்சையில் பலர் இணங்க மறுத்தார்கள். எதிர்த்தவர்களுள் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அத்தகைய மகாகவியையும் இந்நோய் விடவில்லை. கட்டளை வெளியிலிருந்து வந்தது, ஆகையால் பிடிவாதம் வளர்ந்தது என்று சிலர் சமாதானம் கூறுவர். ஆயின் 1947-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி தென்னிந்தியத் திருச்சபை உதயமானபின், அந்தச் சமாதானத்துக்கு இடமேது?

இதன் பலனைச் சுமப்பவர் யாரென்பதையும் கவனிக்கவேண்டும். 1950-ம் ஆண்டின் ஜனாதிபதி உத்தரவு தாழ்த்தப்பட்டோர் சலுகையை ஹிந்துக்களுக்கு மட்டும் அளித்தது. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 'உங்கள் மதத்தில் சாதியில்லையே' என்கிறது சர்க்கார். 'உனக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம்' என்கிறது சபை. இரு வாசலிலும் திருப்பியனுப்பப்படும் ஏழை எங்கே போவான்?

பிறர் சபைக் காரியத்தில் தலையிட நமக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். சுடுகாட்டுக்குக்கூடத் தனிப்பாதை வைத்திருக்கும் ஹிந்து சமூகத்துக்குப் பிறரை ஏளனம் செய்ய அருகதையில்லைதான். நாம் ஏளனம் செய்யவில்லை. பூசணிக்காயை இரண்டு முறை ஏலம் எடுக்கும் கைகளுக்கு ஒரு சுவரை இடிக்க வலிமையுண்டென்று நம்புகிறோம். அதற்கு அத்தியட்சரின் சுற்றறிக்கை வரட்டுமென்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சபைக் கமிட்டித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், "சுவரை என்ன செய்யப்போகிறீர்?" என்று சபையார் கேட்கட்டும்.