ஏரி வாரியத்தில் யாருக்கு இடம்?

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போனால், ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வீட்டுமனை விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கும். செம்பரம்பாக்கம் நெருங்க நெருங்க, ஏரியைப் பார்த்தபடி வீடு என்பதே அவற்றின் கவர்ச்சி. அந்த ஏரிகளைக் காலங்காலமாகக் காத்தவர்கள் எந்த விளம்பரத்திலும் இல்லை. வரலாற்றிலும் அவர்களுக்கு இதே கதிதான்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்று பெயர். அதன் பெருமை பேசுபவர்கள் உத்திரமேரூரில் தொடங்குவார்கள்: பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், குடவோலை, ஏரி வாரியம். 2020இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் உத்திரமேரூரைப் புகழ்ந்தார். வாரியத்துக்கு யார் வரலாம் என்பதையும் அதே கல்வெட்டுதான் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அது சதுர்வேதிமங்கலத்துப் பார்ப்பன ஆண்களின் சபை.

இப்பகுதியின் பல ஊர்களில் மதகு திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் சேரி மக்கள். நீரைப் பங்கிட்டவர்களுக்கு நிலத்தில் பங்கில்லை. குடியிருந்த மனைகூட மிராசுதார் கையில் இருந்ததை 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலத் திட்டம். அந்த நிலமும் கைமாறியது. மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள்.

நகரம் இந்தக் கணக்கை அப்படியே தொடர்கிறது. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, ஏரிதான் இல்லை. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை, நகர வளர்ச்சி என்கிறோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாறு பெருக்கெடுத்தது. வெள்ளத்துக்குப் பின் ஆக்கிரமிப்பாளர் பட்டம் கரையோரக் குடிசைகளுக்குத்தான் கிடைத்தது. தலித்துகளும் கூலித் தொழிலாளர்களுமான அவர்களில் பலரை, பிள்ளைகளின் பள்ளியிலிருந்தும் வேலையிலிருந்தும் பிரித்து, பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளம் தேங்கும் இடத்திலேயே குடிவைத்தார்கள்.

ஏரிக்குள் யாரும் வீடு கட்டலாம் என்று நான் சொல்லவில்லை. ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் 2007 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் புல்டோசர் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைகிறது என்பதே என் கேள்வி.

சூழலியல் பேசும் நண்பர்களிடம் மூன்று கோரிக்கைகள். ஆக்கிரமிப்புப் பட்டியலில் கல்லூரிகள், அடுக்குமாடிகள், அரசுக் கட்டடங்களை முதலில் வையுங்கள். மாற்று வீடு அதே வட்டாரத்தில் கேளுங்கள். ஏரிப் பாதுகாப்புக் குழு அமைக்கும்போது காலனிப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். நிலமும் மனையும் உள்ளவர்கள் மட்டும் கூடிப் பேசினால், நாம் அமைப்பதும் இன்னொரு சதுர்வேதிமங்கலத்து வாரியம்தான்.