‘சமூகம்’ என்றால் யார்?



2020 ஏப்ரல், மே மாதங்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். தினமும் சுகாதார அமைச்சின் எண்ணிக்கைக்காகக் காத்திருந்தோம். அதில் இரண்டு கணக்கு இருந்தது. ‘சமூகத்தில்’ இத்தனை பேர், ‘தங்குவிடுதிகளில்’ இத்தனை பேர். விடுதியில் எத்தனை நூறு ஏறினாலும், ‘சமூகத்தில்’ எண்ணிக்கை குறைந்தால் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் கேட்கிறேன். விடுதியில் இருந்தவர்கள் சமூகம் இல்லையா?

நாம் குடியிருக்கும் வீவக வீடுகளைக் கட்டியவர்கள் அவர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகளும் வங்காளதேசத்துத் தோழர்களும் அவர்களில் உண்டு. 2020 டிசம்பரில் அரசு தந்த கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 152,794 பேருக்குத் தொற்று. கிட்டத்தட்ட பாதி! ‘அவர்கள் பழக்கவழக்கம் அப்படி’ என்றார்கள் சிலர். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், பதினாறு பேர், பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை என்று அடைத்தால் யாருடைய பழக்கம் காப்பாற்றும்?

கேலாங்வாசிகளுக்கு இது முன்பே தெரியும். 2016 ஆகஸ்டில் அல்ஜுனிட், சிம்ஸ் டிரைவ் பக்கம் ஸிக்கா பரவியது. முதலில் அறிவிக்கப்பட்ட 41 பேரில் 36 பேர் கட்டுமானத் தளத்தில் வேலை செய்த வெளிநாட்டு ஊழியர்கள். மற்றவர்கள் அங்கே குடியிருந்தவர்கள், வேலை பார்த்தவர்கள். கொசு வேலை அனுமதி அட்டையைப் பார்த்துக் கடிக்கவில்லை.

அரசு அவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை தந்தது, உயிரிழப்பு மிகக் குறைவு. உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் 2020 ஜூனில் நாம் காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டோம். அவர்களுக்கோ 2021 செப்டம்பரில்தான், வாரத்துக்கு 500 பேர் என்று, தேக்காவும் கேலாங் சிராயும் திறந்தன. 2022 ஜூனிலும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போக அனுமதிச் சீட்டு கேட்டார்கள்.

‘பலர் நலனுக்காகச் சிலர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்’ என்பார்கள். சரி. ஆனால் பொறுக்கும் முறை எப்போதும் ஒரே கூட்டத்துக்கே வந்தால் அதற்குப் பெயர் பொதுநலம் அல்ல. நம் அரசியல் சட்டத்தின் 12ஆவது பிரிவு சட்டத்தின்முன் சமத்துவத்தைக் குடிமக்களுக்கு மட்டும் தரவில்லை, எல்லா மனிதர்களுக்கும் தருகிறது. சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சொல் தற்செயலாக விழுந்ததல்ல.

பழைய விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற விதிக்கு 2030 வரை அவகாசம். அடுத்த கிருமி அதுவரை காத்திருக்குமா?

நம் தாத்தா பாட்டிகளும் கூலி லயங்களில் அடைந்து கிடந்தவர்கள்தான். அன்று அவர்களையும் ‘சமூகம்’ என்று எவரும் எண்ணவில்லை. இன்று பேரப்பிள்ளைகள் நாம், ‘ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கால் வைக்க முடியவில்லை, ஒரே ஊர்க்காரன் கூட்டம்’ என்று முகம் சுளிக்கிறோம். வெட்கமாக இல்லையா?

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகும்போது இந்த 2030ஐப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்க நமக்கு வாக்கு இருக்கிறது. அவர்களுக்கு இல்லை.