யாருடைய வாழ்க்கைச் சூழல்?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகளில் ஆங்கிலப் பேச்சு வகுப்புகள் முளைத்துவிடுகின்றன. அண்மையில் கடலோரப் பங்கொன்றில் அத்தகைய வகுப்பின் பாடநூலைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. விமான நிலையத்தில், உணவு விடுதியில், துணிக்கடையில், நேர்காணலில் என்று பாடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. வாழ்க்கைச் சூழல்வழி மொழியைக் கற்பிப்பதாக முன்னுரை பெருமைப்பட்டுக்கொள்கிறது. அந்த வாழ்க்கை யாருடையது?

இலக்கண விதிகளை ஒப்பிக்கச் செய்து, வாய்திறக்கவே விடாத பழைய முறைக்கு மீள வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தேவையிலிருந்து மொழியைக் கற்பது திருச்சபைக்குப் புதியதுமன்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் மொழிபெயர்ப்பாளர் துணையோடு செபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். பின்வந்த அண்டிரிக் அடிகளார் அதோடு நிற்கவில்லை. தமிழைக் கற்று, மொழிபெயர்ப்பாளரின்றி மக்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். (அங்கே மூன்றாம் ஆளுக்கு இடமேது?) தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். பாவசங்கீர்த்தனத்திற்கென்றே அவர் எழுதிய தமிழ்நூல் 1580இல் அச்சேறியது. அவர் கற்றது மீனவர் வாழ்வின் தமிழ்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்திற்கு இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. எல்லை தாண்டி வலை வீசியதாகத் தகராறு எழும்போது அங்கே வேண்டியது தெலுங்கு. நானறிந்த எந்தக் கோடை வகுப்பிலும் தெலுங்கு இல்லை.

ஆங்கிலமும் வேண்டும்தான், ஆனால் எதற்கு? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். அதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 சனவரிக்கும், மீண்டும் 2023 செப்டம்பருக்கும் அறிவிக்கப்பட்டு, இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் வருகின்றன. 2006ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை, வட்டார மொழியில் தரச் சொல்வது அதன் சுருக்கத்தைத்தான். முகத்துவாரம் என்னாகும், இறால் எங்கே போகும், தலைமுறை தலைமுறையாக முறைவைத்துத் தொழில் செய்யும் பாடு என்னாகும் என்பதையெல்லாம் அந்த ஆங்கிலப் பக்கங்களில்தான் தேடியாக வேண்டும். இதைவிட மெய்யான வாழ்க்கைச் சூழல் எது?

"பிள்ளைகள் கடலைவிட்டு முன்னேற வேண்டாமா?" என்று நம்மவரே கேட்பர். முன்னேறட்டும். அறிக்கையின் ஒரு பத்தியைப் படித்து, புரியாததைக் கேள்வியாக்கத் தெரிந்த பிள்ளை விமான நிலையத்தில் திகைக்கப் போவதில்லை. அச்சிட்ட உரையாடலை ஒப்பித்த பிள்ளையோ, எதிரே நிற்பவர் புத்தகத்தில் இல்லாத பதிலைச் சொன்னவுடனேயே வாயடைத்து நிற்கும்.

பிரேசில் நாட்டில் பவுலோ பிரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ முந்நூறு தொழிலாளர்க்கு எழுத்தறிவித்தபோது, அவர்கள் வாயில் புழங்கும் சொற்களை முதலில் திரட்டினார். பிறகே பாடம் அமைத்தார். நம் ஆசிரியர்களும் ஒரு மாதம் மீன் ஏலத்திலும், வங்கி வாசலிலும், மருத்துவமனை வரிசையிலும் நின்று, நம் மக்கள் மொழியில்லாமல் எங்கே தலைகுனிகிறார்கள் என்று குறித்துவரட்டும். கடையில் வாங்கிய புத்தகம் அதைச் சொல்லாது.

நான் புரட்டிய அந்த நூலில் நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் பன்னிரண்டு வாக்கியங்கள் இருந்தன. "இதற்கு நான் சம்மதிக்கவில்லை, என் மறுப்பை எழுதிக்கொள்ளுங்கள்" என்பதற்கு ஒன்றும் இல்லை.