இடமாற்றம் கேட்டு வந்த வாப்பாவுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு வாப்பா எங்களை ஓரமாக அழைத்தார். எங்களை என்றால், இந்தப் பக்கத்துச் சிங்களப் பாடசாலைகளில் இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பிக்கும் நாலு முஸ்லிம் ஆசிரியர்களை. அவருடைய மகளுக்கு நியமனம் வந்திருக்கிறது. குண்டசாலைப் பக்கம் ஒரு சிங்களப் பாடசாலை. பாடம் எங்கள் பாடமேதான். அங்கே முஸ்லிம் என்று சொல்ல வேறு ஒருவரும் இல்லை.

"சேர், உங்களுக்கு ஆபீஸ்ல ஆக்களத் தெரியும்தானே. எப்படியாவது புள்ளய ஒரு முஸ்லிம் ஸ்கூலுக்கு மாத்தி எடுத்துத் தாங்களேன்" என்றார்.

இந்த வருடம் இப்படிக் கேட்கும் மூன்றாவது பெற்றோர் இவர். அதனால்தான் பதிலை எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய பயத்தைக் குறைத்துப் பேச எங்களுக்கு உரிமை இல்லை. 2018 மார்ச் 5ஆம் திகதி பக்கத்துத் திகனவில் எரிந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. புகையை வீட்டு முற்றத்திலிருந்தே பார்த்தோம். அடுத்த நாள் நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த நாட்களில் எங்களில் ஒருவர் இடமாற்ற விண்ணப்பத்தை எழுதி, கையொப்பமும் வைத்துவிட்டார்.

பாடசாலை திறந்த அன்று அவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார். ஆசிரியர் ஓய்வறையில் பலர் முகம் பார்க்கச் சங்கடப்பட்டார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வந்து தன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். மூன்றாம் பாடவேளைக்கு வகுப்புக்குப் போனபோது ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கேட்டதாம்: "சேர், போன கிழமை தாரன் என்டு சொன்ன சொல்வதெழுதல் இன்டைக்கா?" அந்தப் பிள்ளைக்கு அவர் தமிழ் சேர். அவ்வளவுதான். கடிதம் பையிலேயே கசங்கிப் போனது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் பைகளை மட்டும் இரண்டு தரம் பார்த்த வாசல்கள் இருந்தன. உலகத்தில் எங்கே ஒரு முஸ்லிம் பிழை செய்தாலும் தேநீர் இடைவேளையில் எங்களிடம் விளக்கம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் சமூகத்தின் பேச்சாளர்கள் இல்லை, ஆசிரியர்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகியிருக்கிறோம்.

பிறகு ஏன் அந்த மகளைப் போகச் சொல்கிறோம்?

இந்த வேலை நமக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கண்டி இராச்சியத்தில் நம் மூத்தவர்கள் தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றினார்கள். பாக்கைக் கீழே இறக்கினார்கள். அந்தப் போக்குவரத்துக்கு 'மடிகே' என்று அரசில் ஒரு தனிப் பகுதியே இருந்தது. அரண்மனைக்கு வைத்தியம் பார்த்த முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது இடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். 'கெதர' என்று முடியும் சிங்கள வீட்டுப் பெயர்கள் இன்றும் நம் குடும்பங்கள் சிலவற்றில் இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். இவற்றையெல்லாம் வரலாற்றுப் பேராசிரியை லோனா தேவராஜா 1994இல் ஒரு நூலாகவே எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டில் தமிழ், வீதியில் சிங்களம். இப்படி இரண்டு மொழிகளோடும் வாழ்ந்தது அவர்கள் நமக்கு விட்டுப்போன சொத்து. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொன்னது. 2007 யூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற மொழியையும் கற்றுத் தேற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சிங்களப் பிள்ளைக்குத் தமிழை, அந்தப் பிள்ளையின் மொழியிலேயே விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்பட்டபோது, அந்தச் சொத்து நம் கையில் இருந்தது. எங்கள் சம்பளத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நமக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களும் உண்டு. ரீ. பீ. ஜாயா 1890இல் நம் மாவட்டத்துக் கலகெதரையில் பிறந்த மலாய் முஸ்லிம். கொழும்பு ஸாஹிறாவின் அதிபராக மட்டுமே நாம் அவரை நினைவு வைத்திருக்கிறோம். அதற்கு முன் அவர் கண்டி தர்மராஜாவிலும் கொழும்பு ஆனந்தாவிலும், அதாவது பௌத்தப் பாடசாலைகளில், ஆசிரியராக இருந்தார். 1921இல் ஸாஹிறாவைப் பொறுப்பேற்று, கால் நூற்றாண்டுக்கு மேல் அதை வளர்த்தார். 1947இல் சுதந்திரத்தை ஒட்டி அமைந்த முதலாவது அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். மற்றவர்களின் ஓய்வறையில் உட்கார்ந்த அந்த வருடங்கள் அவரைத் தன் சமூகத்திலிருந்து பிரித்துவிடவில்லை. நாடு முழுவதோடும் பேசத் தெரிந்த ஒருவர் சமூகத்துக்குக் கிடைத்தார்.

அமெரிக்காவில் வருடந்தோறும் செப்டம்பர் 15 முதல் ஒக்டோபர் 15 வரை ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்ட மக்களின் மரபைக் கொண்டாடும் மாதம் உண்டு. 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988இல் மாதமானது. நல்ல விஷயம். ஆனால் மரபு மேடையோடு முடிந்துவிடக் கூடாது. நமக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. பெருநாளைக்கு ஒரு தட்டு வட்டிலப்பம் கொண்டுபோய் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். வட்டிலப்பம் நல்லதுதான். ஆனால் மற்ற 364 நாளும்தான் வேலை.

எங்கள் பாடசாலையில் ஒருநாள் தோட்டத்துத் தாய் ஒருவர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு வந்து அலுவலகத்தில் தடுமாறி நின்றார். எங்களில் ஒருவர் பத்து நிமிடம் நின்று மொழிபெயர்த்தார். அடுத்த கிழமை எழுதுவினைஞர் தானாகவே தமிழ் விண்ணப்பப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்தார். ரமழானில் கடைசிப் பாடவேளையை ஒரு சிங்கள ஆசிரியை மாற்றி எடுத்துக்கொள்வார். வெசாக் வாரத்தில் அவருடைய வகுப்புகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். யாரும் யாருக்கும் சலுகை செய்யவில்லை. கணக்குச் சரி.

நம் பக்கத்துப் பிழைகளையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நேரத்தைக் கேட்டு வாங்குகிறோம், சக ஆசிரியரின் மரண வீட்டுக்குப் போக நேரமில்லை என்கிறோம். சிங்களம் சரளமாகப் பேசுகிறோம், ஒரு கடிதம் எழுதச் சொன்னால் அடுத்தவரைத் தேடுகிறோம். நம் பிள்ளைகளில் பலருக்கு கடைக்குப் போதுமான சிங்களம் இருக்கிறது, அலுவலகத்துக்குப் போதுமானது இல்லை.

ஆகவே அந்த வாப்பாவுக்கு எங்கள் பதில்: இடமாற்றத்துக்கு யாரிடமும் பேச மாட்டோம். கோபிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக முதல் தவணை முழுக்க மகளோடு நிற்போம். எங்கள் வீட்டு ஆசிரியை ஒருவர் அதே பஸ்ஸில்தான் போகிறார், கூட்டிப் போவார். உடை, தொழுகை விஷயங்களை முதல் நாளே அதிபரிடம் மரியாதையாகவும் தெளிவாகவும் பேச நாங்கள் உதவி செய்வோம். ஒரு வருடம் பார்த்த பிறகும் முடியவில்லை என்று மகளே சொன்னால், விண்ணப்பத்தை நாங்களே எழுதித் தருவோம்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சாதாரண தரம் முடித்த பிள்ளைகளுக்கு, மாலை நேரத்தில் சிங்களம் எழுதப் படிப்பிக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்குங்கள். படிப்பிக்க நாங்கள் தயார். கட்டணம் வேண்டாம்.

பயந்து ஒவ்வொருவராக விலகினால், நாளைக்கு அந்தப் பாடசாலைகளில் வளரும் பிள்ளைகள் ஒரு முஸ்லிமை செய்தியில் மட்டும்தான் பார்ப்பார்கள். 2018இல் கல்லெடுத்த இளைஞர்களில் எத்தனை பேருக்கு ஒரு முஸ்லிம் ஆசிரியர் இருந்திருப்பார் என்று நாங்கள் அடிக்கடி யோசிப்போம்.

அந்த மகள் வகுப்புக்குப் போகட்டும். 'அம்மா' என்று எழுத அவள் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை, வாழ்நாள் முழுக்க அவளை மறக்காது.

அவளுக்காகத் துஆ செய்யுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் மரியாதையோடு எழுதுங்கள், பேசுவோம்.