ஏட்டை மூடிய பின் தொடங்கும் படிப்பு

சரோஜினி நகர் என்றதும் புதுடில்லிக்கு வந்து போகிறவர்களுக்கு அங்குள்ள துணிக்கடை வீதியே நினைவுக்கு வரும். முன்பு வினய நகர் என வழங்கிய அவ்விடம் மத்திய சர்க்கார் ஊழியர்களின் குடியிருப்பாக எழுந்தது என்பதும், உத்தியோகத்தின் பொருட்டுத் தென்னாட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தங்கித் தம் மக்களைப் படிக்க வைத்தன என்பதும் அத்துணைப் பரவலாக அறியப்பட்டவை அல்ல. அங்குள்ள விநாயகர் கோயிலும், அடுத்துள்ள லட்சுமிபாய் நகரில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளியும் அதற்குச் சான்று. 2016-ஆம் ஆண்டில் மத்திய மந்திரி சபை எடுத்த முடிவின்படி பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகள் எழுந்து வருகின்றன. வீடுகள் மாறலாம், பிள்ளைகள் படிக்கும் முறை மாறிற்றா என்பதே இங்கு எழும் கேள்வி.

இத்தகைய குடியிருப்புகளில் கல்லூரி விஞ்ஞான வகுப்பில் சேர்ந்த பிள்ளை எவ்வாறு படிக்கிறான்? வகுப்புக் குறிப்பேட்டை விரித்து வைத்து முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறான். முக்கிய வரிகளுக்கு மஞ்சள் வர்ணம் தீட்டுகிறான். மறுபடியும் படிக்கிறான். நள்ளிரவு வரை விளக்கு எரிவதைக் கண்டு பெற்றோர் திருப்தி அடைகின்றனர். முதற்பருவப் பரீட்சையின் முடிவு வந்ததும் வீடே திகைத்துப் போகிறது. அதைவிடத் துயரம் தருவது, பிள்ளை அதிலிருந்து எட்டும் முடிவு. தனக்கு விஞ்ஞானம் வராது என்று அவன் தீர்மானித்து விடுகிறான். வராதது விஞ்ஞானம் அன்று. அதைப் படிக்கும் வழியை எவரும் அவனுக்குச் சொல்லவில்லை என்பதே உண்மை.

அவன் வந்த பாதையையும் நோக்க வேண்டும். 2022 முதல் டில்லி சர்வகலாசாலையில் இடம் பெறுவதற்கு உரிய பொது நுழைவுத் தேர்வில், கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே வேலை. அதற்குச் சரியான விடையைக் கண்டதும் இனங்காணும் ஆற்றல் பெரும்பாலும் போதும். கல்லூரியிலோ வெற்றுத் தாளில் ஒரு சூத்திரத்தைப் படிப்படியாக வருவித்துக் காட்ட வேண்டும். கடைவீதியில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டதும் அடையாளம் அறிவது எளிது. அவர் முகத்தை வரையச் சொன்னால் கை நின்று விடும். மறுவாசிப்பு முதல் வகை ஆற்றலையே வளர்க்கிறது. பக்கம் பழகிப் போவதைப் பொருள் விளங்கியதாக மனம் எடுத்துக் கொள்கிறது.

இது வெறும் அபிப்பிராயம் அன்று. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. அவர்கள் உரைநடைப் பகுதி ஒன்றை இருமுறை படித்தனர். வேறொரு பகுதியை ஒரு முறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிஷம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்த பகுதியே முந்தி நின்றது; அதற்கு நூற்றுக்கு 81, மற்றதற்கு 75. ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. இருமுறை படித்ததற்கு 42, எழுதிப் பார்த்ததற்கு 56. அதே ஆய்வின் மற்றொரு பகுதியில், மீண்டும் மீண்டும் படித்தவர்களே தம் ஞாபகத்தில் அதிக நம்பிக்கை கொண்டிருந்தார்கள் என்பதையும் ஆசிரியர்கள் கருத வேண்டும். பரீட்சைக்கு முந்திய இரவில் மாணவனுக்கு உண்டாகும் தைரியம் எங்கிருந்து வருகிறது என்பது இதனால் விளங்கும்.

தமிழருக்கு இது புதுச் செய்தியாகத் தோன்றக் கூடாது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணவன் கற்கும் வகையைக் கணக்கிட்டே கூறியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டுக் கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோருடன் பழகுவதால் வருவது இன்னொரு கால். எஞ்சிய பாதியோ, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் மட்டுமே வந்து சேர்கிறது. இன்றைய மாணவன் கேட்கும் கால் பங்கோடு நின்று, அதையே நான்கு முறை கூட்டி முழுமை ஆக்கலாம் என்று எண்ணுகிறான். திண்ணைப் பள்ளிக்கூடங்களைக் குருட்டு மனப்பாடம் என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அங்கும் பிள்ளை சுவடியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டாம்பிள்ளையின் முன் ஒப்பிக்க வேண்டியிருந்தது. பொருள் சொல்லிக் கொடுப்பதில் குறை இருந்திருக்கலாம். ஆனால் திரும்பச் சொல்லாமல் எவனும் வீட்டிற்குப் போக முடியவில்லை.

எடுத்துரைப்பதால் என்ன நேர்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் பார்க்கலாம். யூரியா உரத்திற்கு மூலப்பொருளான அம்மோனியாவை ஹேபர் முறையில் தயாரிப்பது ரசாயன வகுப்பில் வரும் பாடம். நைட்ரஜன் மூலக்கூறு ஒன்றும் ஹைட்ரஜன் மூலக்கூறு மூன்றும் சேர்ந்து அம்மோனியா மூலக்கூறு இரண்டாகின்றன. சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. நான்கு இரண்டாகக் குறைவதால் அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா மிகும். வெப்பம் வெளிப்படுவதால் சூட்டைக் குறைத்தாலும் மிகும். குறிப்பேட்டில் இதைப் படிக்கும்போது யாவும் தெளிவாகவே இருக்கும். அதை மூடிவிட்டு அடுக்களையில் இருக்கும் தாயாரிடம் சொல்லிப் பார்க்கட்டும். "சூடு குறைந்தால் நல்லது என்றாயே, பின் ஏன் 400, 450 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள்?" என்று அந்த அம்மாள் கேட்பார். அங்கேதான் பிள்ளை திணறுவான். எவ்வளவு விளையும் என்பது வேறு, எவ்வளவு விரைவில் விளையும் என்பது வேறு. சூடு குறைந்தால் விளைவு மிகும், ஆனால் வேகம் அற்றுப் போகும். ஆகவேதான் இரும்பைக் கிரியா ஊக்கியாக இட்டு, நடுத்தரமான ஒரு சூட்டில் வேலையை நடத்துகிறார்கள். ஐந்து முறை படித்தும் தட்டுப்படாத இந்த இடைவெளி ஒரே கேள்வியில் வெளிப்பட்டு விடுகிறது. கேட்பவருக்கு ரசாயனம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, தெரியாதிருப்பதே உத்தமம்.

தமிழில் சொல்லிப் பார்ப்பதில் வேறொரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தில் கற்ற வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லப் பொருள் விளங்க வேண்டியதில்லை; தமிழில் சொல்லவோ, விளங்கினாலன்றி இயலாது. கலைச்சொல்லுக்குத் தமிழ் தேடி மாணவன் நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயர்ச்சொற்கள் ஆங்கிலமாகவே இருக்கட்டும். எது எதனால் ஆகிறது என்பதைக் காட்டும் வினைச்சொற்கள் தமிழாக இருந்தால் போதும்.

கணக்குகளின் விஷயத்திலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் பத்துப் போடுவதைவிட, பல வகைகளைக் கலந்து போடுவது கடினமானது, பயனுள்ளது. 2007-இல் வெளியான ரோரர், டெய்லர் ஆகியோரின் ஆய்வில், வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தனர். ஒரு வாரத்துக்குப் பின் நடந்த சோதனையில் அவர்கள் பெற்றது நூற்றுக்கு 20, கலந்து போட்டவர்கள் பெற்றது 63. பரீட்சைத் தாளில் எந்தக் கணக்கு எந்த அத்தியாயத்தது என்று தலைப்பிட்டுக் கொடுப்பவர் யார்?

சோதனைச்சாலை ரிக்கார்டு நோட்டை மேல் வகுப்பு மாணவனிடமிருந்து வாங்கிப் பிரதி செய்யும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது படிப்பே அன்று. சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்ற சி. வி. ராமன், நிறமாலைமானியில் பட்டகத்தின் கோணத்தை அளக்கும் சாதாரண வகுப்புச் சோதனையின்போது தென்பட்ட ஒளிப்பட்டைகளை விடாமல் கவனித்தார். அதிலிருந்து பிறந்த கட்டுரை 1906-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. எல்லாரும் ராமன் ஆக முடியாது. தன் கண்ணில் பட்டதைத் தன் கையால் எழுதுவது எல்லாராலும் முடியும்.

ஆசிரியர்கள் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டியதில்லை. வகுப்பின் கடைசி ஐந்து நிமிஷத்தில் குறிப்பேடுகளை மூடச் சொல்லி, அன்று நடந்ததை வெற்றுத் தாளில் எழுதச் செய்யலாம், மதிப்பெண் கூடாது. ஒரு வாரம் கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்கலாம். பாடத் திட்டம் முடியாது என்று ஆட்சேபம் எழும். முடித்த பாடம் மாணவனிடத்தில் நிற்கவில்லையென்றால் முடிந்தது யாருடைய பாடம்? கிராமங்களில் பயிற்சி வகுப்பு நடத்தும் களப்பணியாளர்களும் இதையே கையாளலாம். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையசைப்பார்கள். மருந்து கலக்கும் அளவை ஒரு விவசாயியைக் கொண்டே மற்றவர்க்குச் சொல்ல வைத்தால் நிலைமை தெரிந்துவிடும்.

வீட்டில் இடமில்லை, கேட்பாரில்லை என்னும் மாணவர்களும் இருக்கிறார்கள். சரோஜினி நகரில் மெட்ரோ ரயில் ஏறினால் தென் வளாகக் கல்லூரிகளுக்கு உரிய நிலையம் மூன்றாவதாக வருகிறது. முந்திய நாள் பாடத்தைப் புத்தகம் திறவாமல் மனத்துக்குள் ஒரு முறை சொல்லி முடிக்க அந்த நேரம் போதும். எங்கே தடைப்பட்டது என்பதை மட்டும் இறங்கியதும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டால், ஆசிரியரிடம் கேட்க வேண்டியது எது என்பது வகுப்புக்கு முன்பே கையில் இருக்கும்.