வெயில் அடித்தது, ஆனாலும் திரும்பினோம்

வணக்கம் நேயர்களே... மன்னிக்கவும், வாசகர்களே! வானொலிப் பழக்கம் எழுத்திலும் வந்துவிடுகிறது.

"பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்" என்று தினமும் காலையில் ஊருக்குச் சொல்பவள் நான். போன பள்ளி விடுமுறையில், அதைச் சொன்ன மறுநாளே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினேன். என் பேச்சை நானே கேட்கவில்லை!

அண்ணன் குடும்பம், இரண்டு தோழிகள், நான். கோப்பெங் பக்கம் ஆற்றோரத்தில் ஓர் இரவு தங்கல், மறுநாள் காட்டுப் பாதையில் அருவி வரை நடை. இதுதான் திட்டம். முகாமுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அண்ணி நெத்திலி சம்பல் செய்துவிட்டார். புந்தோங்கிலிருந்து கிளம்பிவிட்டுக் கச்சாங் பூத்தே இல்லாமலா? அதற்கே ஒரு பை.

முதல்நாள் இரவு நல்ல மழை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் பளிச்சென்று இருந்தது. வழிகாட்டி பூர்வக்குடியைச் சேர்ந்தவர், அந்த ஆற்றோடு வளர்ந்தவர். நாங்கள் பைகளை இறக்கி முடிக்கும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஹுலு ஹுஜான்" என்றார். ஆறு பிறக்கும் மலையில் மழை என்று அர்த்தம்.

நாங்களும் பார்த்தோம். தண்ணீர் தே தாரேக் நிறத்தில் ஓடியது. இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. "கெப்பாலா ஆயர்" என்று செய்திகளில் கேட்கிறோமே, அந்தத் திடீர் வெள்ளத்துக்கு இவைதான் முன் அறிகுறிகள். நம் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலேயே அது வந்துவிடும்.

"இன்றைக்கு வேண்டாம், திரும்பிப் போங்கள்" என்றார்.

பதினேழு வயது அண்ணன் மகனுக்கு வந்ததே கோபம். "அத்தே, வெயில் அடிக்குதுல்ல? இவ்ளோ தூரம் வந்துட்டு..." எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் வண்டியைத் திருப்பினோம். முன்பணம் போனது போனதுதான்.

கார் நிறுத்தும் கொட்டகையிலேயே கூடாரத்தை விரித்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போஸ் டிப்பாங் கதையைச் சொன்னார். கம்பார் அருகே பூர்வக்குடி மக்கள் வாழ்ந்த இடம். 1996 ஆகஸ்ட் 29. கனமழையில் மலையிலிருந்து சேறும் மரங்களும் ஆற்று வழியே பாய்ந்து வந்து வீடுகளை அடித்துச் சென்றன. 44 பேர் இறந்தார்கள். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஆறு மட்டும் ஆபத்தில்லம்மா, அதுக்கு மேல இருக்கிற மலையும்தான்" என்றார் அப்பா.

பத்தாங் காலியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. 2022 டிசம்பர் 16 அதிகாலை, முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மலைச்சரிவு இறங்கியது. குழந்தைகள் உட்பட 31 பேர் பலியானார்கள். முகாம் நடத்த உரிமம் இல்லாத இடம் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் வழிகாட்டிக்கு அழைத்தேன். இரவில் தண்ணீர் கொஞ்சம் ஏறி, விடிவதற்குள் இறங்கிவிட்டதாம். "பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல!" என்றான் அண்ணன் மகன்.

உண்மைதான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏதாவது ஆகியிருந்தால்தான் நாங்கள் திரும்பியது சரி என்று ஒப்புக்கொள்வானா? நேற்று அந்தக் கரையில் நின்றபோது எங்களுக்குத் தெரிந்தது கலங்கிய தண்ணீர் மட்டும்தான். அதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். இதைச் சொன்னபோது அவன் பதில் பேசவில்லை. கச்சாங் பூத்தே பொட்டலத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினான்.

அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடுகிறீர்களா? முகாமுக்கு உரிமம் உண்டா என்று முதலில் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதியும் பதிவுபெற்ற வழிகாட்டியும் வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "திரும்பலாம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கரையில் நின்று ஓட்டெடுப்பு நடத்தினால் ஆசைதான் ஜெயிக்கும்.

மழை விட்ட ஞாயிறு காலை, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிளேடாங் மலைக்குத் தார் சாலை வழியாக நடந்தோம். நெத்திலி சம்பல் அங்கேதான் தீர்ந்தது.