விழாவிட்டால் யாருக்கு?



சம்பள நாளில் டவுனுக்கு இறங்கினால், அரிசிக் கடைக்குப் போகுமுன்னே லொத்தர் விற்கும் குரல் காதில் விழுகிறது. ஒரு டிக்கெட் 40 ரூபா. பெரிய காசில்லை என்றுதான் தோன்றும். வேலைக்குப் போகும் 25 நாளும் ஒவ்வொன்று எடுத்தால் மாதம் 1,000 ரூபா. நாட்சம்பளத்தை 1,000 ரூபா ஆக்க நாம் எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! 2021 இல்தான் அது கிடைத்தது.

டிக்கெட் எடுப்பவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அரைப் பேர் போட்டால் கணக்கப்பிள்ளையிடம் நியாயம் கேட்கிறோமே, அதே மாதிரி இந்த 40 ரூபாவுக்கும் கணக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஒரு ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் அப்படியே பொருந்தினால்தான் பெரிய பரிசு என்று வைத்துக்கொள்வோம். ஆறு இலக்கத்தில் பத்து இலட்சம் எண்கள் உண்டு. 26 எழுத்தால் பெருக்கினால் 2 கோடியே 60 இலட்சம். இலங்கையின் மொத்த சனத்தொகையை விடக் கூட. அதில் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. கனவில் பாம்பு வந்தது, ராசிக்கு இந்த எழுத்து நல்லது என்று பார்ப்பதால் இந்தக் கணக்கு மாறாது. சின்னப் பரிசு இடைக்கிடை விழும். அந்தக் காசுக்கும் மறுபடி டிக்கெட்தான் எடுக்கிறோம்.

நடத்துகிறவர்கள் நினைத்தால் கணக்கை மாற்றலாம். பிரித்தானியாவின் தேசிய லொத்தரில் 49 எண்களில் ஆறைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. 2015 இல் அதை 59 ஆக்கினார்கள். பத்து எண்தானே என்று தோன்றும். ஆனால் சுமார் 1 கோடியே 40 இலட்சத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு, 4 கோடியே 50 இலட்சத்தில் ஒன்றாகிவிட்டது. 16 வயதுப் பிள்ளைகளும் அங்கே டிக்கெட் வாங்கலாம் என்றிருந்ததை 2021 இல்தான் 18 ஆக உயர்த்தினார்கள். நோர்வேயில் அரச நிறுவனத்திடம் பெயர் பதிந்துதான் விளையாடலாம். மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் இழக்கக்கூடாது என்று வரம்பும் உண்டு.

தமிழ்நாட்டுக் கதையை அங்கே உறவுகள் உள்ளவர்கள் அறிவார்கள். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, 1968 இல், அரசே லொத்தர் தொடங்கியது. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்று விளம்பரம் செய்தார்கள். 2003 இல் ஜெயலலிதா அரசு எல்லா லொத்தரையும் தடை செய்தது. பக்கத்துக் கேரளாவிலோ அரச லொத்தர் இன்றும் நடக்கிறது. தடைக்குப் பிறகும் தமிழ்நாட்டில் கள்ள லொத்தர் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே தடை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். வெயிலிலும் மழையிலும் நின்று டிக்கெட் விற்பவரும் நம்மைப் போல வயிற்றுப்பாட்டுக்காரர்தான். 2017 இல் விலையை 20 ரூபாவிலிருந்து 30 ஆக்கியபோது எதிர்த்து நின்று, மறுபடி 20 க்குக் கொண்டுவர வைத்தவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் தேசிய லொத்தர் சபை, அபிவிருத்தி லொத்தர் சபை இரண்டுமே அரசுடையவை. இதில் அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கும் போகிறது. அந்த இரண்டிலும் நம்முடைய விழாத டிக்கெட்டுகளின் காசு இருக்கிறது. அப்படியானால் மகாபொல பெறுகிற பிள்ளைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? வருடாவருடம் இதை அரசு தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று நாம் கோருகிறோம்.

ஜனாதிபதி நிதியத்தில் பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு உதவி கிடைக்கும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கொழும்புக்கு அலைய வேண்டுமே என்று விட்டுவிட்டார்கள். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். லயத்தில் யாருக்காவது இருதய சத்திரசிகிச்சை என்று டாக்டர் சொன்னால், உடனே தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். தலைவர்மார் வைத்தியசாலைக் கடதாசிகளோடு அவர்களைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.